தோழர் யாருக்காகப் பேசுகிறார்?

யூலை 13

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நாயகன் பிழை செய்யப் போகும்போதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று 'வேண்டாம்' என்கிறார். தோழன், தம்பி, மந்திரி, வேலைக்காரன், யாரோ ஒருவர். நெஞ்சு அவனவனுக்குள்ளே இருக்க வேண்டியது. அதைத் தனி ஆளாக்கி நடமாட விட்டால் நாயகனுக்கு யோசிக்கிற வேலையே இல்லாமல் போகிறது. இது எழுதுபவரின் சோம்பல்தானே?"

யூலை 13, இரவு

சில கதைகளில் சோம்பல்தான், ஓம். ஆனால் அந்தச் சோம்பலுக்கு எல்லோரும் காட்டும் பினோக்கியோவின் சில்வண்டையே எடுத்துப் பாருங்கள். தொப்பியும் குடையுமாகத் திரிந்து, 'உன் மனச்சாட்சி நான்தான்' என்று பதவி ஏற்றுக்கொள்ளும் அந்தச் சில்வண்டு 1940இல் வந்த டிஸ்னி படத்தில்தான் அப்படி. இத்தாலியில் கார்லோ கொலோடி 1881இல் தொடராக எழுதத் தொடங்கிய மூலக்கதையில் சில்வண்டு நாலாம் அத்தியாயத்திலேயே செத்துப் போகிறது. நல்ல புத்தி சொன்னதற்காகப் பினோக்கியோ மரச்சுத்தியலை எடுத்து எறிகிறான். சுவரோடு ஒட்டிச் சாகிறது. பிறகு ஆவியாக வந்து சொல்கிறது, அப்போதும் அவன் கேட்கவில்லை.

அந்தப் பையனுக்கு யோசிக்கிற வேலையை யாரும் குறைக்கவில்லை. தன் காதில் விழுந்த நல்ல வார்த்தையைத் தானே அடித்துக் கொன்றான். இதை ஒரு ஆள் வெளியே நிற்காமல் காட்ட முடியுமா? நெஞ்சுக்குள் நடந்தால் 'அவன் தயங்கினான், பிறகு துணிந்தான்' என்று ஒரு வரியில் போய்விடும்.

யூலை 15

நாங்கள் இராமாயணத்துக்கு வராமல் இதைக் கதைக்கவே முடியாது.

இராவணனுக்கு இடித்துச் சொல்ல ஆளில்லாமலா இலங்கை எரிந்தது? கம்பனில் எண்ணிப் பாருங்கள். மானாக வேடம் போடு என்று கேட்கப் போன இடத்தில் மாரீசன் சொல்கிறான். மந்திராலோசனையில் வீடணன் சொல்கிறான். மாலியவான் சொல்கிறான். கும்பகர்ணன் சொல்கிறான். கடைசியில், இவ்வளவு நாளும் அப்பனுக்காக மாயம் செய்து போரிட்ட இந்திரசித்தே திரும்பி வந்து, சீதைமேல் வைத்த ஆசையை விட்டுவிடு என்கிறான். பயந்து சொல்கிறேன் என்று நினைக்காதே என்றும் சேர்த்துக்கொள்கிறான். அப்பனும் மகனும் பேசும் அந்த இடத்தைப் பாடமாகச் சொல்லித் தந்த வாத்தியார் பாதியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் நினைவு.

'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்' என்பது குறள். இராவணனுக்கு இடிப்பார் வரிசையாக நின்றார்கள், அப்படியும் கெட்டான். ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் தம்பி சொல்வதுபோல அது எழுதியவரின் வசதிக்கு நின்ற பாத்திரம். மாமனும் தம்பிமாரும் பெற்ற மகனும் ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போகும்போது கேட்பவனின் காது எவ்வளவு இறுக மூடியிருக்கிறது என்று தெரிகிறது. கம்பன் அதை ஒரே தடவையில் காட்டாமல் படலம் படலமாக நீட்டியது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

யூலை 16

கும்பகர்ணனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அவனை வெறும் நித்திரைக்காரனாக, விசுவாசமான தம்பியாக மட்டும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம்.

அவனை எழுப்பி, குடம் குடமாகக் கள்ளும் இறைச்சியும் கொடுத்து, அண்ணன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். இராவணன் தழுவிக்கொண்டு தன் கையாலேயே போர்க்கோலம் செய்கிறான். எதற்கு என்று கேட்கிறான் கும்பகர்ணன். போருக்கு என்று தெரிந்ததும் அவன் வாயில் வருவது இது:

ஆனதோ வெஞ்சமம்? அலகில் கற்புடைச்
சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?

எத்தனை பேர் செத்தார்கள், மதில் நிற்கிறதா, எதிரியின் படை எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் துன்பம் இன்னும் தீரவில்லையா என்று கேட்கிறான். நித்திரையால் எழும்பின வாயிலிருந்து வருகிறது இந்தக் கேள்வி. இராவணனோடு பேசிய மற்றவர்கள் கனக்கச் சொன்னார்கள்: குலம் அழியும், புகழ் போகும், சாபம் இருக்கிறது, வந்திருப்பவன் சாதாரண மனிதன் இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் அதெல்லாம் இராவணனைக் காப்பாற்றச் சொன்ன பேச்சு. அசோகவனத்தில் இருந்து அழுகிறவளை அந்தச் சபைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது கும்பகர்ணனின் ஒரு வரி.

எனக்கு இப்போது தம்பியின் கேள்வி வேறு மாதிரித் தெரிகிறது. மனச்சாட்சி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம். வெளியே நிற்கிறவர் யாருக்காகப் பேசுகிறார்? நாயகன் கெட்டுப் போகக்கூடாது என்பதற்காகவா, நாயகனால் கெடுகிற மூன்றாவது ஆளுக்காகவா? இந்த இரண்டு வகையையும் ஒரே பெயரில் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

யூலை 17

மேலே எழுதியதோடு இதையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதே கும்பகர்ணன் முன்பு மந்திராலோசனையில் அண்ணனைக் கிழித்திருக்கிறான். 'பேசுவது மானம், இடைப் பேணுவது காமம்' என்று முகத்துக்கு நேரே சொன்னவன். ஆனால் அந்தப் பேச்சின் முடிவு என்ன? இப்போது அவளைத் திருப்பிக் கொடுத்தால் நாங்கள் எளியவர்களாகிப் போவோம், சண்டை பிடித்துச் செத்தால் பழியில்லை. அதாவது, செய்தது பிழை, ஆனாலும் மானத்துக்காகத் தொடருவோம்.

எழும்பி வந்த பிறகு பேச்சு மாறிவிட்டது. தையலை விட்டுவிடு, இராமன் காலில் விழு, தம்பி வீடணனோடு சேர்ந்துகொள், தப்புகிற வழி அதுதான் என்கிறான். முதலில் மானம் பேசியவன் இரண்டாம் தடவை அவளைப் பேசுகிறான். தோழன் பாத்திரம் அசையாத கல் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு இடத்தையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும்.

யூலை 20

ஓர் அண்ணை எழுதியிருக்கிறார்: வீடணன் விட்டுவிட்டுப் போனான், கும்பகர்ணன் நின்று செத்தான், ஆகவே கும்பகர்ணன்தான் உண்மையான மனச்சாட்சி.

இது எங்கள் ஊர்ப் பட்டிமண்டபங்களில் பேசிப் பேசித் தேய்ந்த தலைப்பு. யாழ்ப்பாணத்தில் 1980இல் கம்பன் கழகம் தொடங்கிய பிறகு இந்த வழக்கு எத்தனை மேடை ஏறியிருக்கும்! சபை எப்போதும் கும்பகர்ணன் பக்கம்தான் கை தட்டும். 'நீர்க்கோல வாழ்வை நச்சி' என்று பேச்சாளர் தொடங்கினாலே போதும், பின்வரிசையில் இருப்பவர்களும் சேர்ந்து சொல்வார்கள். எனக்கும் அந்தப் பாட்டில் கண் கலங்கும். நீர்மேல் கோலம்போல அழிகிற வாழ்வை விரும்பி, என்னை இவ்வளவு நாள் வளர்த்து, போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்று வீடணனிடம் சொல்கிறான்.

ஆனால் அண்ணை, அந்த உயிர் யாரைக் கட்டிவைக்கப் போனது? சானகியின் துயர் தீரவில்லையா என்று கேட்ட அதே ஆள், அந்தத் துயரைத் தொடர வைக்கிற போருக்குச் சூலம் தூக்கிப் போகிறான். அவனுக்கும் இது தெரியும். போகும்போது கடைசியாக என்ன சொல்கிறான்? என்னை வென்றுவிட்டார்கள் என்றால் உன்னையும் வெல்வார்கள், அதற்குப் பிறகும் நின்று யோசிப்பது பிழை, அவளைக் கொடுத்துவிடு. தன் சாவையே இன்னொரு தடவை இடித்துச் சொல்வதாக ஆக்கிவிட்டுப் போகிறான். அப்படியும் இராவணன் கொடுக்கவில்லை.

வீடணனைத் துரோகி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சொல் எங்கள் மண்ணில் எவ்வளவு இலேசாக விழுந்தது, விழுந்தபின் என்ன நடந்தது என்று எங்கள் வயதுக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 'இது சரியில்லை' என்று வாய் திறந்தவர்களின் வீடுகளை நாங்கள் பார்த்தவர்கள். இதே தீவில் களனியில் வீடணனுக்குக் கோயில் இருக்கிறது, சிங்கள மக்கள் காவல் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் காவல் தெய்வம், இன்னொரு பக்கத்தில் வசைச்சொல். கதைக்குள் நிற்கும் மனச்சாட்சிக்குக் கதைக்கு வெளியே கிடைப்பது இதுதான்.

யூலை 28

'நிஜ வாழ்க்கையில் இப்படி யாராவது இருக்கிறார்களா, இதெல்லாம் காவியத்துக்குத்தானே' என்று ஓர் அக்கா கேட்டதற்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். அப்பா சொல்லிக் கேட்டது.

அப்பப்பாவின் காணிக்கும் பக்கத்துக் காணிக்கும் நடுவில் கிடுகு வேலி. பக்கத்துக் காணியில் புருசன் இல்லாத ஒரு பெண், இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள். ஒரு மாரியில் பட்டுப்போன கதியால்களை மாற்றும்போது அப்பப்பா புதிய கதியால்களை அந்தப் பக்கம் தள்ளி நட்டுவிட்டார். பெரிதாக இல்லை. வேலியின் நீளத்துக்கும் கூட்டிப் பார்த்தால் பெரிதுதான்.

கோடையில் வேலி அடைப்பு. வேலி அடைக்க இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கயிறு கோத்த குத்தூசியைக் கிடுகுக்குள்ளால் குத்த, அந்தப் பக்கம் நிற்பவர் வரிச்சைச் சுற்றித் திருப்பிக் குத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் நிற்பவர் அப்பப்பாவின் சிநேகிதர். பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் இருந்து வெற்றிலை போடுகிறவர், கோயில் கணக்கிலிருந்து கல்யாணப் பேச்சுவரை இருவரும் ஒன்றாகத்தான். அன்றைக்கும் அந்தப் பக்கம் போய் நின்றார். அப்பப்பா ஊசியைக் குத்தினார். ஊசி திரும்பி வரவில்லை.

"என்ன, கயிறு மாட்டுப்பட்டுப் போச்சோ?"

"இல்லை. இப்ப நான் நிக்கிற இடம் ஆரின்ரை?"

"நீ ஊசியைத் தா."

"அந்தப் பிள்ளையளுக்குச் சீதனம் எண்டு இருக்கிறதே இந்தத் துண்டுதான். நான் இதிலை நிண்டு கட்டமாட்டன்."

ஊசியைக் கிடுகில் அப்படியே விட்டுவிட்டு, வேலியைச் சுற்றி ஒழுங்கைக்கு வந்து, வீட்டுக்குப் போய்விட்டார். அப்பப்பா வேறு ஆளைப் பிடித்து வேலியைக் கட்டி முடித்தார். இருவருக்கும் நெடுநாள் கதை இல்லை. வேலி தள்ளி நட்ட இடத்திலேயே நின்றது.

அப்போது அப்பா சின்னப் பெடியன். கயிறு நனைத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. 1995இல் எல்லோரும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, கதியாலும் இல்லை, இரண்டு காணியும் ஒரே பற்றை. அப்பா காணி உறுதியை எடுத்து, நில அளவையாளரைக் கூப்பிட்டு அளந்து, பழைய எல்லையில் தூண் போட்டார். பக்கத்துக் காணியார் கேட்கவில்லை. கேட்கிற ஆட்களாக அங்கே யாரும் அப்போது திரும்பி வந்திருக்கவும் இல்லை.

சிநேகிதர் சொன்னது அப்பப்பாவின் காதில் ஏறவில்லை. கயிறு நனைத்துக்கொண்டிருந்த பெடியனின் காதில் ஏறியது. காவியத்தில் அந்தப் பெடியனின் இடத்தில் இருப்பது வாசிக்கிற நாங்கள். தம்பி, சில்வண்டும் கும்பகர்ணனும் நாயகனுக்குப் பதிலாக யோசிப்பவர்கள் இல்லை என்று நான் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான்.

ஓகஸ்ட் 3

கர்ணனை விட்டுவிட்டேன் என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டதற்குக் காரணம் உண்டு. துரியோதனனுக்குக் கர்ணன் மனச்சாட்சி இல்லை. செஞ்சோற்றுக் கடன் என்ற ஒன்றினால் அவன் வாய் கட்டப்பட்டிருக்கிறது. 'எடுக்கவோ கோக்கவோ' என்று கேட்ட நண்பனுக்கு எதிராக எப்படிப் பேசுவது? நட்பு என்றால் கர்ணனைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். திரௌபதியை இழுத்து வந்த நாளில் அந்த நட்பு யாருக்கு உதவியது என்றும் சேர்த்துக் காட்ட வேண்டும். மிகுதிக்கண் மேற்சென்று இடிப்பதற்காகத்தான் நட்பு, சிரித்துப் பேச அல்ல என்பது வள்ளுவர் சொன்னது. அந்த அளவுகோலில் கர்ணன் நிற்கமாட்டான்.

ஓகஸ்ட் 4

இலண்டனில் இருக்கும் மச்சாள் ஷெர்லொக் ஹோம்ஸையும் டொக்டர் ஹூவையும் சேர்க்கச் சொல்கிறாள்.

ஹோம்ஸ் கொக்கெயின் ஊசி போடும்போது வொட்சன் வைத்தியராகவும் சிநேகிதராகவும் கண்டிக்கிறார். நல்லதுதான், ஆனால் அது ஹோம்ஸின் உடம்புக்காகச் சொன்னது. என் கணக்கில் முதல் வகை. டொக்டர் ஹூ 1963இல் தொடங்கிய பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர், காலம் விட்டுக் காலம் போகிற டொக்டரோடு வரும் தோழிமார் மாறிக்கொண்டே இருப்பார்கள். 2008இல் வந்த பொம்பெய் நகரக் கதை ஒன்று போதும். எரிமலை வெடிக்கிறது, வரலாற்றை மாற்ற முடியாது என்று டொக்டர் புறப்படுகிறார். தோழி டொனா அழுதுகொண்டு கேட்கிறாள்: நகரத்தை வேண்டாம், யாராவது ஒருவரையாவது காப்பாற்று. அவர் திரும்பிப் போய் ஒரு குடும்பத்தைக் கூட்டி வருகிறார். டொனா அவருடைய பெயருக்காகவோ புண்ணியத்துக்காகவோ அழவில்லை. சாம்பலுக்குள் நிற்கும் அந்தக் குடும்பத்துக்காக அழுதாள். மச்சாள், இது கும்பகர்ணன் கேட்ட கேள்வியின் சாதிதான். என்ன, இங்கே டொக்டர் சொல்லுக் கேட்டார்.

ஓகஸ்ட் 18

விகர்ணன். கௌரவர் நூறு பேரில் ஒருவன், துரியோதனனின் தம்பி. வீட்டுமரும் துரோணரும் தடுக்காமல் இருந்த சபையில் திரௌபதிக்காக எழுந்து நியாயம் பேசுகிறான். கர்ணன் அவனைச் சின்னப் பெடியன் என்று அடக்குகிறான். பாரதியின் பாஞ்சாலி சபதத்திலும் இந்த இடம் இருக்கிறது.

பிறகு போர் வருகிறது. விகர்ணன் அண்ணன் பக்கமே நின்று வீமன் கையால் சாகிறான், கொன்ற வீமனே வருந்துகிறான். விதுரன் வேறு வழி எடுக்கிறான். வில்லிபாரதத்தில், கண்ணனுக்கு விருந்து வைத்ததற்காகத் துரியோதனன் பிறப்பைச் சொல்லி இழிவாகப் பேச, விதுரன் வில்லை முறித்துப் போடுகிறான். எந்தப் பக்கமும் போரிடமாட்டேன் என்கிறான். சொல்லிவிட்டு ஆயுதம் தூக்குவது, சொல்லிவிட்டுப் பிரிந்து போவது, சொல்லிவிட்டு ஆயுதத்தை முறிப்பது என்று எங்கள் இரண்டு காவியத்துக்குள்ளும் மூன்றும் இருக்கிறது. எனக்கு விதுரன்தான் பிடிக்கும். ஒருவேளை போரைப் பார்த்துவிட்டவர்கள் எல்லோருக்கும் அப்படித்தானோ.

அதே பாஞ்சாலி சபதத்தில் வீதியில் நின்று பார்த்த சனத்தைப் பாரதி 'நெட்டை மரங்களென நின்று புலம்பினார்' என்கிறார். அந்தப் புலம்பல் பிறர்க்குத் துணையாமோ என்று கோபத்தோடு கேட்கிறார். விகர்ணன் பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் எழுந்திருந்தால் என்று ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் நினைக்கிறேன்.

ஓகஸ்ட் 25

நல்லூரில் திருவிழாச் சனம், எழுத நேரமில்லை. ஒன்று மட்டும். வீடணன் இராவணன் சபையில் சானகியைப் பற்றிப் பேசாமல் இல்லை. குரங்கு சுடவில்லை, அவளுடைய கற்பு இந்த நகரைச் சுட்டது என்கிறான். ஆனால் அங்கே அவள் நகரைச் சுடும் நெருப்பாக வருகிறாள், அழுகிற பெண்ணாக வரவில்லை. அவன் வீட்டிலிருந்து அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தது அவனுடைய மகள் திரிசடை. கனவைச் சொல்லி, ஆறுதல் சொல்லி, அந்த வனத்தில் சீதைக்கு இருந்த ஒரே துணை. தகப்பன் அரசனுக்குச் சொன்னான், மகள் அவளோடு இருந்தாள். திரிசடைக்கு ஏன் ஒரு பட்டிமண்டபமும் இல்லை?

செப்டெம்பர் 8

தம்பிக்கு நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தோழனே இல்லாமல் மனச்சாட்சியைக் காட்டிய கதை எங்கள் மேடையிலேயே இருக்கிறது: மயான காண்டம். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவும் வசந்த கான சபாவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேடைகளில் ஆடிய நாடகம். மந்திரி சத்தியகீர்த்தி அந்த நேரம் பக்கத்தில் இல்லை. சுடலையில் அரிச்சந்திரன் தனியே நிற்கிறான், செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் தன் பெண்சாதி என்று தெரிந்த பிறகும் சுடலைக் கூலி கேட்கிறான். இடித்துச் சொல்ல ஆளில்லை. உள்ளே இருப்பது மட்டும் வேலை செய்கிறது.

ஆனாலும் எனக்கு அந்த இடத்தில் சந்திரமதிக்காக ஒரு ஆள் பேச மாட்டாரா என்றுதான் இருக்கும். அவனுடைய வாய்மை அவனைக் காப்பாற்றும். மடியில் பிள்ளையோடு இருப்பவளுக்கு யார்?

செப்டெம்பர் 15

'யாருடைய பேச்சையாவது யாராவது முழுதாகக் கேட்டிருக்கிறார்களா' என்ற கேள்விக்கு: கேட்டிருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மாடலன் என்ற மறையவன் சொன்னதை.

கோவலனுக்கு அவன் முன்பு செய்த நல்ல காரியங்களை நினைவூட்டியவன் இந்த மாடலன்தான். மதம் கொண்ட யானையின் பிடியிலிருந்து முதியவர் ஒருவரை மீட்டதைச் சொல்லி, 'கருணை மறவ' என்று அழைக்கிறான். பிழையைச் சொல்லிக் காட்டாமல், நீ இப்படிப்பட்டவனாக இருந்தாய் என்று சொல்லுகிற துணை. பிறகு சேரநாட்டில் செங்குட்டுவன் முன்னால் நிற்கிறான். வடக்கே போய்ப் போரிட்டு, தோற்ற ஆரிய அரசர் தலையில் கல்லேற்றிக் கொண்டுவந்து கண்ணகிக்குச் சிலை எடுத்த அரசன். வெற்றியின் உச்சியில் இருப்பவனிடம், நீ அரசாளத் தொடங்கி ஐம்பது ஆண்டாகிறது, இன்னும் அறக்கள வேள்வி செய்யாமல் மறக்கள வேள்வியே செய்கிறாய் என்று சொல்கிறான்.

செங்குட்டுவன் கோபிக்கவில்லை. வேள்விக்கு ஏற்பாடு செய்யச் சொல்கிறான். சிறையிலிருந்த ஆரிய அரசரை விடுவித்து, நல்ல மாளிகையில் தங்க வைக்கிறான். நாடெங்கும் சிறைக் கதவுகளைத் திறக்கவும் குடிமக்களின் வரியை நீக்கவும் கட்டளை போகிறது. வேள்வியின் பலன் அரசனுக்கு என்று வைத்துக்கொண்டாலும், விடுதலையானவர்களும் வரி நீங்கியவர்களும் மாடலனின் பேச்சில் பெயர்கூட வராத ஆட்கள். தம்பி, நடுகல் காதையை எடுத்து அந்தக் கட்டளை வரிகளை வாசித்துவிட்டு எழுதுங்கள், மிச்சத்தைக் கதைப்போம்.